வலது காது பெரியவனுக்கு

இதை எழுத வேண்டும் என்று நினைத்து, நினைத்தபடியே பல வருஷங்களைக் கடத்திவிட்டேன். எட்டாவது வரை படித்தவன். கல்யாணப் பத்திரிகைக்கு விலாசம் எழுதுவதைத் தவிர எனக்கு வேறு எழுதிப் பழக்கமில்லை. ஆனால் அது மட்டும் காரணமில்லை. இது என் அம்மா மனதுக்குள் வைத்திருந்த விஷயம். அவள் இருந்தவரை அவளாகப் பேசினால் உண்டு, நாங்கள் யாரும் வாய் திறந்ததில்லை. அவள் போன பிறகும், அவளுடைய டிரங்குப் பெட்டியை அவளைக் கேட்காமல் திறக்கிற மாதிரி ஒரு கூச்சம் இருந்தது.

போன தை மாதம் எங்கள் குலசாமி கோயிலில் ஒரு கல் பதித்தோம். அன்று சாயந்திரம் என் அக்கா சொன்னாள்: "கல்லுல வெறும் பேருதான்டா கீது. மீதியை நீ எழுதி வை. எனக்கு அப்பால சொல்றதுக்கு ஆளில்ல."

அக்கா சொல்லை நான் தட்டியதில்லை. குலசாமியைக் கும்பிட்டுவிட்டு எழுதுகிறேன். இதில் யார் பேரும் இருக்காது. பேரைப் பற்றித்தான் எழுதப்போகிறேன், ஆனாலும் அந்தப் பேரை எழுதமாட்டேன். அதற்கும் ஒரு காரணம் உண்டு.

எங்கள் முன்னோர்கள் குடியாத்தம் பக்கத்திலிருந்து கோலார் தங்க வயலுக்குச் சுரங்க வேலைக்கு வந்தவர்கள். ஊரை விட்டு வந்தாலும் ஒரு வழக்கத்தை விடவில்லை. ஒவ்வொரு வீட்டிலும் முதல் ஆண்பிள்ளைக்குக் குலசாமியின் பேரைத்தான் வைக்க வேண்டும். அந்தப் பிள்ளையை ஊர்க் கோயிலுக்குக் கொண்டுபோய், தாய்மாமன் மடியில் உட்காரவைத்து, மொட்டையடித்து, காது குத்தி, பூசாரி அந்தப் பேரைச் சாமிக்கு முன்னால் உரக்கச் சொல்ல வேண்டும். அதன் பிறகுதான் பிள்ளை வம்சத்தில் சேர்ந்ததாகக் கணக்கு. அதுவரைக்கும் அது அம்மாவின் பிள்ளை மட்டும்தான்.

இதனால் எங்கள் பங்காளி வீடுகளில் தடுக்கி விழுந்தால் ஒரே பேர். என் தாத்தாவுக்கும் அந்தப் பேர், பெரியப்பாவுக்கும் அந்தப் பேர், பெரியப்பாவின் மூத்த மகனுக்கும் அந்தப் பேர். ஒருவரை ஒருவர் குடியிருக்கிற இடத்தைச் சொல்லித்தான் கூப்பிட்டுக்கொள்வோம். பெரியப்பாவின் மூத்த மகனை நாங்கள் 'ஆண்டர்சன்பேட்டை அண்ணன்' என்போம். நான் 'ஊரிகத்துத் தம்பி'.

என் அம்மாவுக்கு அது மாமனாரின் பேர். மாமனார் பேரை மருமகள் வாயால் சொல்லக்கூடாது என்பதால், பெற்ற பிள்ளையைக்கூட அவள் அந்தப் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. அவள் கடைசிவரை சொல்லாமல் காத்த பேரை நான் எழுதிவிட்டால், அவளை மீறிய மாதிரி ஆகிவிடும்.

எனக்கு முன்னால் என் அம்மாவுக்கு ஓர் ஆண்பிள்ளை பிறந்திருந்தான். அவனுக்கும் அதே பேர்தான் வைத்தார்கள். அக்கா எங்கள் இருவருக்கும் மூத்தவள். அப்பா சுரங்கத்துக்கும் அம்மா தண்ணீர்க் குழாய்க்கும் போன நேரமெல்லாம் அக்காவின் இடுப்பில்தான் அவன் வளர்ந்தான். தலை நிறைய சுருட்டை முடி இருக்குமாம். ஷிஃப்ட் விடுகிற சங்கு ஊதினால் அவனும் கூடவே வாயைக் குவித்து ஊதுவானாம். மொட்டைக்கு நாள் குறித்து, மாமனுக்குச் சொல்லி அனுப்பி, வேட்டிகூட வாங்கியாகிவிட்டது. அதற்குள் ஜுரம் வந்தது. ஒன்றரை வயதுப் பிள்ளை. அந்தச் சுருட்டை முடியோடேயே போய்விட்டான்.

அந்த வயதுப் பிள்ளையை எரிப்பதில்லை. சைனைட் மேட்டின் ஓரமாக, இடுகாட்டுக் கோடியில் புதைத்து, அடையாளத்துக்கு அப்பா ஒரு கல் வைத்தார். சைனைட் மேடு என்றால் எங்கள் ஊர்க்காரர்களுக்குத் தெரியும். தங்கம் எடுத்த பிறகு கொட்டிய மண், மலை மலையாக நிற்கிறது. மழையில் அது கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து இறங்கும். நான் பள்ளிக்கூடம் போகிற வயதில் அப்பா என்னைக் கூட்டிக்கொண்டு போனார். அந்த இடம் முழுக்க வெள்ளை மண். அப்பா இங்கேயும் அங்கேயும் நடந்துவிட்டு, "இந்தப் பக்கந்தான் எங்கியோ" என்றார். பிறகு நாங்கள் போகவில்லை. அவனுக்கு ஒரு படமும் கிடையாது. அந்தக் காலத்தில், சுரங்கத் தொழிலாளிகளுக்கு வரிசையாகக் கட்டிக்கொடுத்த லைன் வீட்டில் யார் படம் எடுத்தார்கள்?

அவன் போனதற்குப் பிறகு நான் பிறந்தேன். எனக்கு வேறு பேர் வைக்கலாம் என்று சிலர் சொன்னார்களாம். அப்பா ஒத்துக்கொள்ளவில்லை. சாமிக்கென்று சொன்ன பேர், கோயில் வாசலைத் தொடாமல் நிற்கிறது, அதைப் பாதியில் விடக்கூடாது என்று எனக்கும் அதையே வைத்தார். அம்மா அவனைப் 'பெரியவன்' என்றாள், என்னைச் 'சின்னவன்' என்றாள். அக்கா இதை வேறு மாதிரி சொல்வாள்: "அவன் இருந்தவரைக்கும் அம்மா அவனைக் கண்ணுன்னுதான் கூப்பிடுவா. நீ பொறந்த அப்பாலதான்டா அவன் பெரியவன் ஆனான்."

ஊரிகத்தில் எங்கள் வீடு லைனின் நடுவில். ஒரு அறை, ஒரு சமையல்கட்டு, அடுத்த வீட்டுக்கும் எங்களுக்கும் ஒரே சுவர். இந்தப் பக்கம் கரண்டி விழுந்தால் அந்தப் பக்கம் "இன்னாக்கா, இன்னிக்கு இன்னா கொழம்பு?" என்று கேட்பார்கள். லைனுக்குப் புதிதாகக் குடிவந்தவர்கள், அம்மா என்னைச் 'சின்னவனே' என்று கூப்பிடுவதைக் கேட்டுவிட்டு, "பெரியவன் எந்த ஷிஃப்ட்டுக்கா?" என்று விசாரிப்பார்கள். அம்மா முகம் மாறாமல், "அவன் சாமிகிட்ட வேலை செய்றான்" என்பாள். கோயில் வேலை என்று நினைத்துக்கொண்டு அவர்களும் போய்விடுவார்கள்.

தீபாவளிக்கு, பொங்கலுக்கு எனக்குச் சட்டை எடுத்தால், மஞ்சள் தடவி முதலில் சாமிப் பலகையில் வைப்பாள். நான் ஈரத் தலையோடு குளிரில் நடுங்கிக்கொண்டு நிற்பேன்.

"எம்மா, குடும்மா."

"இருடா. மொதல்ல பெரியவன் போட்டுக்கட்டும்."

கற்பூரம் அணைந்த பிறகுதான் சட்டை என் கைக்கு வரும். ஒரு தீபாவளிக்கு நான் அழுது தரையில் புரண்டேன். லைன் பையன்கள் எல்லோரும் புதுச் சட்டையில் இருக்கிறார்கள், எனக்கு மட்டும் எப்போதும் அவன் போட்டுக் கழற்றியதுதானா என்று கேட்டேன். அம்மா சிரித்துவிட்டாள். "அவன் ஒரு தபாகூட அழுக்குப் பண்ணாம குடுத்துட்டானே, நீ ஒரு நாள் அப்படி வச்சிருப்பியாடா?" என்றாள்.

சனிக்கிழமை எண்ணெய்க் குளியல். அம்மா எனக்கு எண்ணெய் தேய்க்கும்போது தலை, முதுகு எல்லாம் பரபரவென்று போகும். வலது காதுக்கு வந்ததும் கை மெதுவாகிவிடும். காது மடலை இரண்டு விரலால் பிடித்துக்கொண்டு சும்மா இருப்பாள். எனக்குக் காரணம் தெரியாது. இரண்டு காதிலும் சிவப்புக்கல் கடுக்கன் இருந்தது. பள்ளிக்கூடத்தில் பந்து விளையாடும்போது இடது காதுக் கடுக்கன் எதிலோ மாட்டிக் காது கிழிந்து, அதைக் கழற்றிப்போட்டேன். துளை மூடிப்போனது. அம்மா ஒன்றும் சொல்லவில்லை. சரி, ஒன்று மட்டும் எதற்கு என்று வலதுகாதுக் கடுக்கனில் கை வைத்தேன். பளீரென்று கையில் ஓர் அடி.

"அது உன்னுது இல்ல. அதைக் கழட்ட உனக்கு உரிமை இல்ல."

அடி வாங்கியதைச் சொல்லாமல், இந்தக் கடுக்கனில் என்ன இருக்கிறது என்று மட்டும் அக்காவிடம் போய்க் கேட்டேன். அப்போதுதான் அவள், எனக்கு நினைவில் தங்காத சின்ன வயதில் மொட்டை போடக் கோயிலுக்குப் போன நாளைப் பற்றிச் சொன்னாள். அதைப் பிறகு எழுதுகிறேன். அன்றிலிருந்து இன்றுவரை அந்தக் கடுக்கனை நான் கழற்றியதில்லை. நந்திதுர்க் சுரங்கத்தில் வேலைக்குச் சேர்ந்தபோது, "இன்னாப்பா, ஒத்தைக் காதுல லைட்டு போட்டுக்கினு வந்துகீற?" என்று கேலி செய்தார்கள். சுரங்கம் மூடி, பெங்களூருக்கு ரயிலேறி வாட்ச்மேன் வேலைக்குப் போன வருஷங்களிலும் அது காதிலேயே இருந்தது.

இப்போது அந்தக் கல்லின் கதைக்கு வருகிறேன்.

பங்காளிகள் எல்லோரும் சேர்ந்து குலசாமி கோயிலைப் புதுப்பித்தார்கள். மண்டபத்துச் சுவரில் ஒரு கருங்கல் பதித்து, அதில் நம் வம்சம் முழுவதையும் வெட்டிவைக்கலாம் என்று ஆண்டர்சன்பேட்டை அண்ணன் சொன்னார். பிள்ளைகள் பெங்களூர், ஓசூர், சென்னை என்று சிதறிவிட்டார்கள், யார் யாருக்கு என்ன உறவு என்றே தெரியாமல் போகிறது என்று அவருக்கு வருத்தம். பேர்களைச் சேகரிக்கிற வேலையைத் தன் இளைய மகனிடம் கொடுத்தார். அவன் பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலைக்குத் தினமும் ரயிலில் போய்வருகிறவன். நல்ல பிள்ளை. ரயிலிலேயே உட்கார்ந்து, ஒவ்வொரு வீட்டுக்கும் போன் செய்து கேட்டுக் கம்ப்யூட்டரில் ஏற்றினான்.

என்னிடம் கேட்டபோது, அப்பாவுக்குக் கீழே அக்கா, பெரியவன், நான் என்று மூன்று பேரையும் சொன்னேன். பெரியவன் பிறந்த வருஷத்தை அக்கா உத்தேசமாகச் சொன்னாள். என் வருஷத்தை நான் சொல்லவில்லை. என்னைத்தான் எல்லோருக்கும் தெரியுமே என்று விட்டுவிட்டேன்.

அன்றைக்கு அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டாள். "டேய், அவனைப் பொதைச்ச எடம் போச்சு. படம் இல்ல. அம்மா போயிட்டா. அவன் இருந்தான்னு தெரிஞ்சவ நான் ஒருத்திதான். நான் கண்ணை மூடுறதுக்குள்ள ஒரு எடத்துலயாவது அவன் இருக்கணும்டா."

அந்தக் கல்லைப் பற்றி அதுவரை எனக்குப் பெரிய ஈடுபாடு இல்லை. அன்றிலிருந்து எனக்கும் அது ஒன்றே நினைப்பாகிவிட்டது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்தப் பிள்ளை பெரிய காகிதத்தில் அச்சடித்து எடுத்துக்கொண்டு ஊரிகத்துக்கு வந்தான். அக்கா வீட்டில் நானும் என் மனைவியும் இருந்தோம். தரையில் விரித்தான். மரம் மாதிரி கிளை கிளையாக அழகாக இருந்தது. நான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு எங்கள் கிளையைத் தேடினேன். அப்பா, அம்மா, அவர்களுக்குக் கீழே அக்கா, அக்காவுக்குப் பக்கத்தில் ஒரே ஓர் ஆண்பிள்ளை. பேர் சரி. பிறந்த வருஷம் பெரியவனுடையது. பக்கத்தில் என் மனைவி, கீழே என் பிள்ளைகள்.

"இன்னாப்பா இது, ரெண்டு பேர் சொன்னேனே?"

"அதுவா சித்தப்பா, ஒரே பேர், ஒரே அப்பா. டூப்ளிகேட்னு காட்டுச்சு. நீங்க ரெண்டு தபா சொல்லிட்டீங்கன்னு நெனச்சு நான்தான் ஒண்ணாச் சேத்துட்டேன்."

அக்காவுக்குக் கண்ணில் புரை, எழுத்து தெரியாது. "இன்னாடா, இன்னா போட்டுக்கீது?" என்று என்னைப் பிடுங்கினாள். நான் படித்துச் சொன்னேன். பெரியவன் பிறந்த வருஷம், அவனுக்குப் பக்கத்தில் இவள், அவனுக்குக் கீழே என் பிள்ளைகள் என்று விளக்கினேன். அக்கா அழுவாள் என்று நினைத்தேன். அவள் காகிதத்தின் மேல் கையை வைத்துக்கொண்டு சிரித்தாள்.

"நாம யாரும் பண்ணாததை இந்தக் கம்ப்யூட்டர் பண்ணிட்டுது பாரேன். பெரியவனுக்குக் கல்யாணம் கட்டி, புள்ளையும் குடுத்துட்டுது."

என் மனைவி சும்மா இருப்பாளா? "அப்போ நான் இத்தினி வருஷமா சோறு போட்டது யாருக்காம்? அதான் பார்த்தேன், இவருக்கு இவ்ளோ சீக்கிரமா முடி கொட்டிப்போச்சேன்னு. வயசை மறைச்சுல்ல கட்டிக்கினாரு!"

"சித்தி, சும்னே டென்ஷன் ஆகாதீங்க, மாத்திடலாம்" என்றான் பிள்ளை.

"நான் ஏன்டா டென்ஷன் ஆகறேன்? மூத்தவரு அழகா சுருட்டை முடியோட இருந்தாராம். எனக்கு லாபந்தான்."

எல்லோரும் சிரித்தோம். அக்கா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தாள். சிரித்து முடித்ததும் அவள் அந்தப் பிள்ளையின் முகவாயைத் தொட்டாள். "ராசா, நல்லாத்தான் இருக்குது. ஆனா இது பொய்யி. அவனுக்கு ஒண்ணுமில்ல. பொண்டாட்டி இல்ல, புள்ள இல்ல. ஒண்ணுமில்லாமயே அவனைத் தனியா எழுதுப்பா."

அவன் எழுதித்தான் இருப்பான். ஆனால் முடிவு சொல்ல வேண்டியவர் அவன் அப்பா. அடுத்த வாரம் அக்காவைக் கூட்டிக்கொண்டு ஆண்டர்சன்பேட்டைக்குப் போனேன். அண்ணன் எங்களை உட்காரவைத்து, காபி கொடுத்து, ஆற அமரப் பேசினார். கெட்ட மனுஷர் இல்லை. எல்லாம் சாஸ்திரப்படி இருக்க வேண்டும் என்பவர்.

"தம்பி, நம்ம வம்சம் பூரா இந்தப் பேருதான், இல்லன்னு சொல்லல. அப்பனுக்கு ஒண்ணு, புள்ளைக்கு ஒண்ணு, சரி. ஒரே அப்பனுக்குக் கீழ ரெண்டு தபா வெட்டினா பாக்கறவன் இன்னா சொல்வான்? கல்லு வெட்டினவன் தூங்கிட்டான்னு சொல்வான்."

அவர் சுரங்கத்தில் டைம் ஆபீஸில் இருந்தவர். கேஜில், அதாவது கம்பிக்கூண்டு லிஃப்டில், இறங்குகிற ஆள் ஒவ்வொருவனுக்கும் அவர் கையால்தான் டோக்கன் கொடுப்பார்; மேலே வந்ததும் அதைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். அதை நினைத்துத்தான் நான் கேட்டேன்: "அண்ணா, நம்ம ஷிஃப்ட்ல இதே பேர்ல நாலு பேர் கேஜ்ல எறங்குவோம், ஞாபகம் இருக்குதா?"

"ஏன் இல்ல? உன்னையும் சேத்து நாலு."

"ஒருத்தன் டோக்கன் திரும்பி வரலைன்னா இன்னா பண்ணுவீங்க?"

"தேடுவோம். கேஜை நிறுத்திட்டு ஆள் அனுப்பி, எந்த லெவல்ல இருக்கான்னு தேடுவோம்."

"அதே பேர்ல இன்னொருத்தன் மேல வந்துட்டானேன்னு விட்டுட மாட்டீங்களே?"

அண்ணன் என்னைப் பார்த்தார். காபி டம்ளரைக் கீழே வைத்தார். "அது எப்டிப்பா விடறது" என்றார். பேர் விஷயம் அதோடு முடிந்தது.

ஆனால் அவரிடம் இன்னொன்று இருந்தது. அதைச் சொல்லும்போது அவர் அக்காவின் முகத்தைப் பார்க்கவில்லை.

"அக்கா, நீ கோச்சுக்கக் கூடாது. மொட்டை போடாம, காது குத்தாம போன புள்ளை வம்சத்துல சேராது. எங்கம்மாவுக்கே எனக்கு மேல ஒண்ணு போச்சு. பங்காளி வூடுங்கள்ல எத்தினி. நான் ஒருத்தரை எழுதிட்டு மத்தவங்களை எப்டி விடறது? சாமி முன்னால பேர் சொல்லாத புள்ளையைச் சாமி கோயில்ல வெட்டக் கூடாதுக்கா."

நியாயமாகத்தான் பேசினார். அக்கா எழுந்தாள். கம்பை ஊன்றிக்கொண்டு என் பக்கம் வந்தாள். அறுபது தாண்டிய மனுஷன் என்றும் பார்க்காமல், அண்ணன், அண்ணி, பிள்ளை எல்லோருக்கும் முன்னால் என் வலது காதைப் பிடித்து இழுத்து அண்ணனுக்கு நேராகத் திருப்பினாள்.

"இது இன்னாடா?"

"காதுக்கா."

"யாரு காது?"

அண்ணன் முழித்தார். அக்கா என் காதை விடாமலேயே சொன்னாள். எனக்கு அவள் முன்பே சொன்ன கோயில் நாள்தான் அது.

என் மொட்டைக்குக் கோயிலுக்குப் போன அன்று, சவரக்காரர் என்னை உட்காரவைக்கச் சொன்னதும் அம்மா குறுக்கே நின்றாளாம். மூத்தவன் முறை இருக்கும்போது சின்னவனுக்கு எப்படிச் செய்வது என்று கேட்டாளாம். பூசாரி கொஞ்சம் யோசித்துவிட்டு, "சரி, ரெண்டு பேருக்கும் செய்வோம்" என்றாராம். மாமன் மடியில் என்னை உட்காரவைத்து, நெற்றிக்கு மேலே ஒரே ஒரு கொத்து முடியை மட்டும் எடுத்து, அம்மாவின் மஞ்சள் துணியில் போட்டார்கள். ஆசாரி வலது காதை மட்டும் குத்தினார். பூசாரி சாமியைப் பார்த்துப் பேரைச் சொன்னார். அதோடு மாமன் என்னைத் தூக்கிக்கொண்டு எழுந்து நின்றார். கோயிலை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, புதிதாக வந்தவர் மாதிரி மறுபடியும் உட்கார்ந்தார். மீதி முடியை எடுத்தார்கள். இடது காதைக் குத்தினார்கள். பூசாரி மறுபடியும் அதே பேரைச் சொன்னார்.

"ரெண்டு தபா சொன்னாரு" என்றாள் அக்கா. "நான் பக்கத்துலயே தேங்காமூடியைப் புடிச்சுக்கினு நின்னேன். மொத தபா சொன்னது பெரியவனுக்கு. அவன் முடி சாமிக்குப் போச்சு. அவன் காது இதோ கீது. எங்கம்மா கடைசிவரைக்கும் இதைத்தான் தடவிக்கினு இருந்தா. மொட்டை போடலியாம், காது குத்தலியாம். வந்துட்டான் பெரிசா."

"அக்கா, காதை வுடுக்கா, வலிக்குது" என்றேன்.

"சும்மா இருடா. இது உன்னுது இல்ல."

அம்மா சொன்ன அதே சொல். அக்காவுக்கு அது தெரியாது, நான் அவளிடம் சொன்னதில்லை. அண்ணன் எழுந்து வந்து என் காதைக் குனிந்து பார்த்தார், டோக்கன் நம்பர் பார்க்கிற மாதிரியே கண்ணைச் சுருக்கிக்கொண்டு. அந்தச் சிவப்புக்கல்லை விரலால் தொட்டார். பிறகு தன் மகனிடம் திரும்பி, "ரெண்டு பேரையும் எழுதுடா" என்றார். எங்களை வாசல்வரை கொண்டுவந்து விட்டபோது, "எங்கம்மாவுக்கு யாரும் இப்டி யோசனை சொல்லலியே, அக்கா" என்றார். அக்கா அவர் தோளைத் தட்டிக்கொடுத்தாள்.

எப்படி எழுதுவது என்பதில் இன்னும் கொஞ்சம் பேச்சு நடந்தது. அக்காவுக்குப் 'பெரியவன், சின்னவன்' என்றே வெட்ட வேண்டும். வீட்டில் கூப்பிடுகிற பேச்சைக் கோயில் கல்லில் வெட்டலாமா என்றார் அண்ணன். கடைசியில் பேரை இரண்டு முறையும் ஒரே மாதிரி வெட்டி, முன்னதற்குப் பக்கத்தில் 'மூத்தவர்' என்றும் அடுத்ததற்குப் பக்கத்தில் 'இளையவர்' என்றும் போடுவதாக முடிவானது. மூத்தவருக்குக் கீழே கோடு எதுவும் போகாது. இளையவருக்குக் கீழே என் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள்.

தை மாதம் எல்லோரும் வண்டி வைத்துக்கொண்டு போனோம். வி.கோட்டா தாண்டி, பேரணாம்பட்டு மலைப்பாதையில் இறங்கும்போது, அம்மா மடியில் உட்கார்ந்து பஸ்ஸில் இதே வழியாகத்தானே முடியோடு போய் மொட்டையாகத் திரும்பியிருப்பேன் என்று நினைத்துக்கொண்டேன். என் மனைவி அக்காவுக்கு வழியெல்லாம் ஆரஞ்சுப்பழம் உரித்துக் கொடுத்துக்கொண்டே வந்தாள்.

கல் சுவரில் பதிந்திருந்தது. சந்தனம் பூசி, மாலை போட்டிருந்தார்கள். நான் கிட்டே போய்ப் படித்தேன். இத்தனை வருஷம் அந்தப் பேரைச் சுமந்துகொண்டுதான் இருந்தேன், ஆனாலும் அது அவனுடைய சட்டை மாதிரியேதான் எனக்கு இருந்தது. அவன் பேர் தனியாகவும் என் பேர் தனியாகவும் வெட்டியிருந்ததைப் பார்த்தபோது, முதல் முறையாக அது என்னுடைய பேர் மாதிரியும் தெரிந்தது.

அக்காவின் விரலைப் பிடித்து அவன் பேரின் மேல் வைத்தேன். அவள் எழுத்து எழுத்தாகத் தடவிக்கொண்டே போனாள்.

"பேருக்குப் பக்கத்துல இன்னாவோ இருக்குதே?"

"மூத்தவர்னு போட்டிருக்குதுக்கா."

"மூத்தவரா?" அக்கா சிரித்தாள். "ஒண்ணரை வயசு. இடுப்புல மூத்திரம் பேஞ்சவன். அவனுக்கு மரியாதையைப் பாரேன்!" சிரித்துக்கொண்டிருக்கும்போதே அழுதாள். அங்கேயே கல்லில் நெற்றியை வைத்துக்கொண்டு, அவனைக் கண்ணு, கண்ணு என்று கூப்பிட்டாள். அவன் பெரியவன் ஆவதற்கு முன்னால் அம்மா கூப்பிட்ட மாதிரி.

கல்லுக்குக் கீழே சுவரில் சின்னதாக ஒரு விளக்குமாடம் இருந்தது. அது பேச்சில் இல்லாத ஒன்று. யார் வைக்கச் சொன்னது என்று கேட்டேன். ஆண்டர்சன்பேட்டை அண்ணன் எண்ணெய்க் கிண்ணத்தோடு நின்றிருந்தார். "பேர் சொல்றதுக்குள்ள போன புள்ளைங்களுக்கு" என்றார். முதல் விளக்கை அவரே ஏற்றினார்.

இதுதான் நடந்தது. நான் கூட்டியும் எழுதவில்லை, குறைத்தும் எழுதவில்லை. என் காலத்துக்குப் பிறகு, எங்கள் வம்சத்தில் படித்த பிள்ளை யாராவது அந்தக் கல்லைப் பார்த்துவிட்டு, இதென்ன ஒரே பேர் இரண்டு முறை இருக்கிறது, திருத்திவிடலாம் என்று நினைக்கக்கூடும். நல்ல எண்ணத்தில்தான் நினைப்பான். அவன் கண்ணில் இது பட வேண்டும். அதனால் இதைப் படிக்கிறவர்கள் உங்கள் பிள்ளைகளிடம் இதை இருக்கிறபடியே சொல்லுங்கள். எங்களை ஒருவராகச் சேர்க்க வேண்டாம். அவனுக்குக் கல்யாணம் கட்டிவைக்கவும் வேண்டாம். ஊரிகத்தில் ஒரே வீட்டில், ஒரே பேரில் இரண்டு பிள்ளைகள் பிறந்தார்கள், மூத்தவன் சங்கு ஊதினால் கூடவே ஊதுவான் என்று சொல்லுங்கள், போதும்.

வலது காதில் கடுக்கன் இன்னும் இருக்கிறது. நான் போகும்போதும் அதைக் கழற்ற வேண்டாம் என்று என் பிள்ளைகளிடம் சொல்லிவைத்திருக்கிறேன்.